மீன்கள் விடிகாலையில் செத்தன: மாணவர் அணியாகச் செய்த ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனைப் பணி

இறுதியாண்டில் எங்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத ஒரு பாடம் இருந்தது. ஐந்து பேர் கொண்ட அணி, பன்னிரண்டு வாரம், நிஜமான ஒரு வாடிக்கையாளர், நிஜமான ஒரு சிக்கல். கடைசியில் நாங்கள் கொடுக்கும் அறிக்கையை வைத்துத்தான் அவர்கள் செலவு செய்யப் போகிறார்கள். மதிப்பெண்ணைவிட இதுதான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

எங்களுக்கு வந்தது ஒரு பூங்காக் குளம். பரப்பு ஒன்றரை ஹெக்டேர், சராசரி ஆழம் 1.2 மீட்டர். ஒரு பக்கம் வாய்க்கால் வந்து விழுகிறது, மறுபக்கம் மதகு. முந்தைய கோடையில் இரண்டு முறை மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்திருக்கின்றன. குளத்தைப் பராமரிக்கும் நிர்வாகம் அனுப்பிய கடிதத்தில் ஒரே கோரிக்கைதான்: வாய்க்காலின் மேல்புறம் இருக்கும் வாகனம் கழுவும் பட்டறையின் எண்ணெய்க் கழிவால்தான் மீன்கள் சாகின்றன என்பதை நிறுவித் தர வேண்டும்.

கடிதத்தைப் படித்ததும் நாங்கள் எண்ணெய் மாதிரி எடுக்கும் பாட்டில்களைத் தேட ஆரம்பித்துவிட்டோம். வழிகாட்டிப் பேராசிரியர் தடுத்தார். "தீர்ப்பை எழுதி அனுப்பியிருக்காங்க. சாட்சிக்கு உங்களைக் கூப்பிடுறாங்க. நீங்க சாட்சியா போகப் போறீங்களா, ஆலோசகரா போகப் போறீங்களா?"

பணி எல்லை: இரண்டு பக்கம், ஒன்பது நாள்

இந்தத் தொழிலில் முதலில் எழுதப்படுவது பணி எல்லை. எல்லோரும் 'ஸ்கோப்' என்றே சொல்கிறார்கள். என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறோம், எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம், எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில் என்ன கையில் தருவோம் என்பதெல்லாம் அதில் அடங்கும். எங்கள் முதல் வரைவில் 'குளத்தின் நீர்த்தரத்தை முழுமையாக ஆராய்வோம்' என்று பெருமையாக எழுதியிருந்தோம். 'முழுமையாக' என்ற சொல்லைப் பேராசிரியர் சிவப்பில் வட்டமிட்டு, "இதுக்கு எத்தனை மணி நேரம்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ஐந்து பேருக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது 420 மணி நேரம். பயணம், ஆய்வகம், எழுத்து, கூட்டங்கள் எல்லாம் அதற்குள்தான்.

கேள்வியை இப்படி மாற்றினோம்: மீன்கள் சாவதற்கு வாய்ப்புள்ள காரணங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று இருக்கிறது, அடுத்த கோடைக்குள் நிர்வாகம் தன் கையாலேயே செய்யக்கூடியவற்றில் எது பலன் தரும்? சட்டப்படி யார் பொறுப்பு என்று சொல்ல மாட்டோம், நிலத்தடி நீரைத் தொட மாட்டோம், மீன் தசையைச் சோதிக்க மாட்டோம் என்று தனியாக எழுதினோம். நிர்வாகத்தின் பொறியாளருக்கு இது உடனே பிடிக்கவில்லை. "பட்டறையைப் பத்தி எதுவுமே இல்லையே" என்றார். பட்டறையும் ஒரு சாத்தியமாக உள்ளே இருக்கிறது, அதற்கென்று மாதிரியும் எடுப்போம் என்று விளக்கினோம். இரண்டு கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு கையெழுத்தானது. அந்த ஒன்பது நாளும் வீணாகிப் போவதாக அன்று எனக்குத் தோன்றியது. ஆனால் பத்தாம் வாரத்தில் எங்களுக்குத் துணை நின்றது அந்த இரண்டு பக்கம்தான்.

மாதிரி எடுக்காத முதல் கட்டம்

பலருக்கும் இது வியப்பாக இருக்கும். நிலத்தில் மாசு இருக்கிறதா என்று பார்க்கும் ஆலோசனைப் பணியில் முதல் கட்டத்தில் ஒரு சொட்டு நீரோ ஒரு பிடி மண்ணோ எடுக்க மாட்டார்கள். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் ஈ1527 என்ற தரநிலை முதல்கட்ட மதிப்பீட்டில் தகவல் திரட்ட வகுத்திருப்பது மூன்று வேலைகளைத்தான்: ஆவணங்களைப் புரட்டுவது, இடத்தை நடந்து பார்ப்பது, தெரிந்தவர்களிடம் பேசுவது. எங்கள் வேலை நிலத்தைப் பற்றியதல்ல, இருந்தாலும் அதே ஒழுங்கைப் பின்பற்றினோம். பழைய வரைபடங்கள், வானிலைப் பதிவு, மழைநீர் வடிகால் வரைபடம், மீன்கள் செத்த இரண்டு நாள்களின் தேதி, உரம் போட்ட பதிவேடு என்று தேடித் தேடிச் சேர்த்தோம். வடிகால் வரைபடம் கட்டடங்கள் விரிவாக்கப்படுவதற்கு முந்தையது. அதை ஓரமாகக் குறித்து வைத்தோம்.

இடத்தை நடந்து பார்க்கப் போன நாளில் குளத்துக் காவலாளி கூடவே வந்தார். பல ஆண்டுகளாக அங்கே இரவுக் காவல் பார்ப்பவர். நான்தான் குறிப்பெடுத்தேன். என் களக் குறிப்பேட்டின் மூன்றாம் பக்கத்தில் அவர் சொன்னது அப்படியே இருக்கிறது: "ஏம்மா, பகல்ல வந்து பார்த்தா என்ன தெரியும்? விடியக்காலம் நாலு அஞ்சு மணிக்கு வந்து பாருங்க. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். பெருசுதான் மொதல்ல சாவும்."

எழுதிக்கொண்டேன். தலையாட்டினேன். அடுத்த பக்கம் புரட்டிவிட்டேன்.

அவர் சொன்ன நான்கு வாக்கியங்களில் பாதி விடை இருந்தது. நச்சுப்பொருள் கலந்தால் பெரும்பாலும் சிறிய மீன்கள் முதலில் விழும். ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன்களுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும். நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளப்பதும் ஆக்சிஜன் தட்டுப்பாட்டின் அடையாளம். மீன் சாவை விசாரிப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளே இவைதான். இது எனக்கு ஐந்தாம் வாரத்தில்தான் தெரிந்தது.

மூன்று கட்டங்கள்

அடுத்து வரைந்தது கருத்து மாதிரி. பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் மூன்று கட்டம்: மூலம், பாதை, ஏற்பி. மாசு எங்கிருந்து புறப்படுகிறது, எதன் வழியாகப் போகிறது, யாரைத் தாக்குகிறது? மூன்றில் ஒன்று அறுந்தாலும் அங்கே ஆபத்து இல்லை. பட்டறையிலிருந்து எண்ணெய் வாய்க்கால் வழியாக மீனுக்குப் போவது ஒரு வரி. புல்வெளி உரம் மழைநீரோடு குளத்துக்கு வந்து பாசியை வளர்த்து, அதனால் ஆக்சிஜன் குறைந்து மீனைத் தொடுவது இன்னொரு வரி. பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் அடிச்சேற்றில் தேங்கியிருப்பது மூன்றாவது. கிழக்குக் கரையில் குளத்துக்குள் திறக்கும் இரண்டு மழைநீர்க் குழாய்களுக்கு எதிரே மட்டும் 'மூலம்?' என்று கேள்விக்குறி போட்டோம். மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. ஆனாலும் அவற்றில் ஒன்றிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

இந்த அட்டவணையை அணியில் எல்லோரும் சேர்ந்து சுவரில் ஒட்டி வரைந்தது பெரிய நன்மை. அதுவரை ஆளுக்கொரு குளம் மனத்தில் இருந்தது. சுவரில் வரைந்த பிறகுதான் ஐந்து பேரும் ஒரே குளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

களத்தில் செய்த தவறுகள்

மூன்றாம் வாரம் முதல் மாதிரிகள் எடுத்தோம். செய்முறையை விரிவாகவே எழுதுகிறேன்.

கருவிகளை ஒவ்வொரு நாள் காலையும் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். பிஹெச் கருவிக்கு 4, 7, 10 என்ற மூன்று கரைசல்களும் வேண்டும். கரைந்த ஆக்சிஜன் கருவியை ஈரம் நிறைந்த காற்றில் வைத்து 100 சதவீதத்துக்குச் சரிசெய்ய வேண்டும். அந்த நேரத்தில் காற்றழுத்தமும் வெப்பநிலையும் என்ன என்று எழுத வேண்டும். எழுதாத அளவுத்திருத்தம் செய்யாததற்குச் சமம். முதல் நாள் நாங்கள் செய்தோம், ஆனால் எழுதவில்லை. ஆகவே அந்த நாளின் அளவுகள் அறிக்கையில் இடம்பெறவில்லை. பாதி நாள் வேலை அப்படியே போனது.

எண்ணெய் மாதிரியில் இன்னொரு தவறு. மற்ற மாதிரிகளுக்குப் பாட்டிலைக் குளத்து நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புவது வழக்கம். எண்ணெய்க்கு அப்படிச் செய்யக் கூடாது. கண்ணாடிப் பாட்டில் வேண்டும், அலசாமல் நேரடியாக நிரப்ப வேண்டும். அலசும்போதெல்லாம் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கடைசி அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். எங்கள் அணியில் ஒருவர் பழக்கதோஷத்தில் அலசிவிட்டார். அதை அப்படியே ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் பட்டறைக்கு எதிராகப் பொய்யான ஒரு சான்று உருவாகியிருக்கும். மறுநாள் திரும்பப் போய் எடுத்தோம். ஒரு மனிதரின் பிழைப்பு அந்தப் பாட்டிலில் இருக்கிறது என்று அன்று எங்களுக்கு உறைத்தது. அதன் பிறகு மாதிரி எடுக்கும்போது யாரும் அரட்டை அடிக்கவில்லை.

ஒவ்வொரு பாட்டிலோடும் ஒரு கைமாற்றுச் சீட்டு போகும். யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, யாரிடம் கொடுத்தார், அவர் எப்போது வாங்கினார் என்று கையெழுத்தோடு இருக்கும். நைட்ரேட்டுக்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கும் (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜன்) 48 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்க வேண்டும், அதுவரை பனிக்கட்டிப் பெட்டியில் குளிராக இருக்க வேண்டும். தூய நீரைக் களத்துக்குக் கொண்டுபோய் அதே மாதிரி பாட்டிலில் ஊற்றி ஒரு வெற்று மாதிரியும் அனுப்பினோம். அதில் ஏதாவது தென்பட்டால் மாசு எங்கள் கையிலிருந்து வந்திருக்கிறது என்று பொருள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எடுத்த இரட்டை மாதிரியும் ஒன்று.

அந்த இரட்டை மாதிரி எங்களைக் காட்டிக்கொடுத்தது. மொத்த பாஸ்பரஸ் ஒன்றில் லிட்டருக்கு 0.17 மில்லிகிராம், மற்றொன்றில் 0.25. வித்தியாசத்தைச் சராசரியால் வகுத்தால் 38 சதவீதம். நாங்கள் திட்டத்தில் எழுதியிருந்த எல்லை 20. குறிப்பேட்டைப் பார்த்தோம். இரண்டாவது பாட்டிலை எடுக்கும்போது படகு ஆடியது, கழி அடிச்சேற்றைக் கிளறியது என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரி இல்லையென்றால் ஆய்வகத்தின் மேல் பழி போட்டிருப்போம். இடத்தை மாற்றி மறுபடி எடுத்ததில் 0.18, 0.19 என்று வந்தது.

இன்னொரு குழப்பம் அலகில். வாய்க்காலில் எங்கள் கையடக்கச் சோதனைப் பெட்டி நைட்ரேட் 18 என்றது. ஆய்வகம் 4.1 என்றது. நாலு மடங்கு வித்தியாசம்! இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஆய்வகம் 'நைட்ரஜனாக' அறிக்கை தருகிறது, பெட்டி 'நைட்ரேட்டாக' காட்டுகிறது. நைட்ரேட்டின் மூலக்கூறு எடை 62, அதில் நைட்ரஜன் 14. வகுத்தால் 4.43. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பதும் நைட்ரஜனாகச் சொன்னால் ஏறத்தாழ 11 தான். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை மட்டும் எழுதினால் போதாது, எதுவாக அளந்தது என்பதும் வேண்டும்.

ஆக்சிஜன் ததும்பும் குளத்தில் மீன் ஏன் சாகிறது?

நான்காம் வாரக் கூட்டத்தில் எங்கள் எண்களைப் பார்த்தால் அந்தக் குளம் மீன்களுக்குச் சொர்க்கம். பிற்பகல் இரண்டு மணிக்கு, 28 டிகிரியில், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 13.4 மில்லிகிராம். அந்த வெப்பநிலையில் நீர் இயல்பாகப் பிடித்துவைக்கக்கூடியது 7.8 மட்டுமே. அதாவது 170 சதவீதத்துக்கும் மேல். பட்டறைக்குக் கீழே வாய்க்காலில் எண்ணெய் ஆய்வகத்தின் கண்டறி எல்லைக்கு, அதாவது அவர்களால் கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவுக்குச் சற்று மேலே, குளத்தில் எல்லைக்குக் கீழே.

கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தோம். கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள்களால் அளக்கும் விங்க்ளர் முறையில் சரிபார்த்தோம். 1888-இல் வந்த முறை, இன்றும் கருவியைக் கேள்வி கேட்க இதைவிட நல்ல வழி இல்லை. பாட்டிலில் மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டதும் பழுப்பு வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்ந்த பழுப்பு. அமிலம் விட்டால் அயோடின் பிரிந்து மஞ்சளாகும். மாவுக் கரைசல் சேர்த்தால் நீலம். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் மறையும் கணத்தைப் பிடிக்க வேண்டும். கருவி சொன்னது சரிதான். எங்கள் முன்னே இருந்த பாட்டிலில் வீழ்படிவு காபிப்பொடி நிறத்தில் தங்கியிருந்தது.

அப்போதுதான் அணியில் நீர்த்தாவரங்கள் படித்த தோழி கேட்டாள்: "பகல்ல இவ்வளவு ஆக்சிஜன் எங்கிருந்து வருது?" பாசியிலிருந்து. "அப்படின்னா ராத்திரி?"

என் குறிப்பேட்டின் மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். எல்லோரும் அமைதியாகப் படித்தார்கள். 

பாசி பகலில் ஒளியைக் கொண்டு ஆக்சிஜனை வெளிவிடும். இருட்டியதும் அதே பாசி மற்ற உயிர்களைப் போல ஆக்சிஜனை உள்ளிழுக்கும். குளத்தில் பாசி எவ்வளவு அதிகமோ பகலில் அவ்வளவு ஏற்றம், இரவில் அவ்வளவு இறக்கம். சூரியன் எழுவதற்குச் சற்று முன்பு ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். 170 சதவீதம் என்பது ஆரோக்கியத்தின் அடையாளமாக எங்களுக்குத் தெரிந்தது, உண்மையில் அது நோயின் அடையாளம். மீன்கள் செத்த இரண்டு நாள்களின் வானிலைப் பதிவை மறுபடி எடுத்தோம். இரண்டுக்கும் முந்தைய நாள்கள் மேகமூட்டம். பகலில் சேமிப்பு குறைவு, இரவில் செலவு அதே.

இரவில் போவதற்குப் புதிதாக ஆபத்து மதிப்பீடு எழுத வேண்டியிருந்தது. இருட்டில் நீரோரம் தனியே நிற்கக் கூடாது, மிதவைச் சட்டை, தலைவிளக்கு, கரையில் ஒருவர் எப்போதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியில் ஒருவருக்குத் தகவல். இதைப் பல்கலைக்கழகம் ஏற்க ஒரு வாரம் ஆனது. ஆறாம் வாரம், காவலாளி ஐயா கரையில் உட்கார்ந்திருக்க, மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை மணிக்கொரு முறை அளந்தோம். மாலை 12.6. நள்ளிரவில் 6.1. மூன்று மணிக்கு 3.0. ஐந்தேகாலுக்கு நடுஆழத்தில் 1.2. விளக்கொளியில் நீரின் மேல் சிறு சிறு வட்டங்கள் தெரிந்தன. பெரிய மீன்கள் வாய் பிளந்து நின்றன. "சொன்னேன்ல?" என்றார் ஐயா, மெதுவாக. அவர் குரலில் வெற்றி இல்லை, கவலைதான் இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

காய்ந்த நாளில் ஒழுகும் குழாய்

பாசிக்கு உணவு எங்கிருந்து? இங்கேதான் செறிவுக்கும் சுமைக்கும் உள்ள வேறுபாடு கைக்கு வந்தது. செறிவு என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு என்பது. சுமை என்பது ஒரு நாளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது. குளம் உணர்வது சுமையைத்தான்.

வாய்க்காலின் ஓட்டத்தை மிதவை போட்டு அளந்தோம். பத்து மீட்டர் தூரம், நிறுத்துகடிகாரம், ஐந்து முறை. மேற்பரப்பு வேகம் சராசரி வேகத்தைவிட அதிகம் என்பதால் 0.85-ஆல் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் நொடிக்கு 3 லிட்டர். பாஸ்பரஸ் லிட்டருக்கு 0.04 மில்லிகிராம். நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம். ஒழுகும் குழாயின் அடியில் 10 லிட்டர் வாளியை வைத்தோம். நாள் முழுக்கப் பல முறை வைத்ததில் நிறையச் சராசரியாக 100 நொடி. பார்வைக்கு அற்பமான ஒழுக்கு, நாளுக்கு 8,640 லிட்டர். ஆனால் பாஸ்பரஸ் 3.2. பெருக்கினால் 28 கிராம். பார்க்கப் பெரிதாக இருந்த வாய்க்காலைவிட ஒழுகும் குழாய் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கொண்டுவருகிறது. அம்மோனியாவும் அதில் அதிகம். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் குளத்தின் பிஹெச் பிற்பகலில் 9-க்கு ஏறியிருந்தது. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட மீனுக்கு நஞ்சான வடிவில் இருக்காது. 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இரவில் மூச்சுத்திணறும் மீன்களுக்குப் பகலிலும் ஓய்வில்லை.

மழையில்லாத நாளில் மழைநீர்க் குழாயில் நீர் வந்தால் எங்கோ தவறான இணைப்பு இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சோதிக்க நாங்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது பஞ்சு வேலை. சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள் இருக்கும். அது பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், புறஊதா விளக்கில் நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிர்பொருள் சேர்க்காத சுத்தமான பஞ்சு வில்லைகளை முதலில் விளக்கில் காட்டி இருண்டே இருப்பதை உறுதி செய்தோம். கம்பி வலைக்குள் வைத்து, இரண்டு குழாய்களிலும் வாய்க்காலிலும் நான்கு நாள் கட்டித் தொங்கவிட்டோம். ஒன்றை ஆய்வகத்திலேயே வைத்தோம், ஒப்பிட. பிறகு இருட்டறையில் விளக்கைப் போட்டால், ஒழுகும் குழாயின் பஞ்சு நிலாத்துண்டு போல ஒளிர்ந்தது. மற்றவை இருண்டிருந்தன. துணி துவைத்த நீர் அந்தக் குழாயில் வருகிறது. (வாய்க்கால் பஞ்சு இருண்டிருந்ததால் பட்டறை சுத்தம் என்று ஆகாது. வாகனம் கழுவும் சோப்பில் இந்த ஒளிர்பொருள் இருக்க வேண்டியதில்லை. அறிக்கையிலும் இதை எழுதினோம்.)

குழாய் போகும் திசையில் இருந்தது நிர்வாகத்தின் சொந்தக் கட்டடம். கழிவறையும் சலவை அறையும் கொண்ட பணியாளர் கட்டடம். விரிவாக்கத்துக்கு முந்தைய அந்த வடிகால் வரைபடம் நினைவுக்கு வந்தது.

சங்கடமான செய்தியைச் சொல்வது

இங்கே எங்கள் அணிக்குள் சண்டையே வந்தது. இறுதிக் காட்சியுரையில் பஞ்சுப் படத்தைத் திரையில் போட்டு எல்லோரையும் அதிரவைக்கலாம் என்று இருவர் சொன்னார்கள். பேராசிரியர் கண்டிப்பாக மறுத்தார். வாடிக்கையாளர் தன் மேலதிகாரிகள் முன்னால் முதன்முறையாகக் கேட்கும் செய்தியாக அது இருக்கவே கூடாது. கண்டுபிடித்த அன்றே பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். என்ன பார்த்தோம், எவ்வளவு உறுதி, அடுத்து என்ன சோதனை வேண்டும் என்று மட்டும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சாயம் விட்டுப் பார்த்துடலாமா?" என்று அவரே கேட்டார். மறுநாள் அவருடைய குழாய்ப் பணியாளர் சலவை அறைத் தொட்டியில் பச்சை ஒளிர்சாயம் ஊற்றினார். பதினெட்டாம் நிமிடத்தில் கிழக்குக் கரைக் குழாயில் பச்சை வந்தது. பொறியாளர் கரையில் எங்களோடு நின்று பார்த்தார். அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை கூடியது அந்த நிமிடத்தில்தான்.

ஆனால் பத்தாம் வாரத்தில் நிர்வாகத்தின் வேறொரு பிரிவிலிருந்து கடிதம் வந்தது. பணியாளர் கட்டடத்தைப் பற்றிய பத்தியை நீக்கி, பட்டறையை 'முதன்மைக் காரணம்' என்று எழுதச் சொன்னார்கள். கையெழுத்திட்ட பணி எல்லையை எடுத்து வைத்தோம். காரணங்களையும் சான்றுகளையும் பட்டியலிடுவோம் என்றுதான் ஒப்புக்கொண்டிருந்தோம். எதையும் நீக்கவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தோம்: 'நிர்வாகத்தின் கவனக்குறைவால்' என்று எங்கள் வரைவில் இருந்த சொற்களை நாங்களாகவே எடுத்தோம். கவனக்குறைவுக்கு எங்களிடம் சான்று இல்லை. இணைப்பு தவறாக இருக்கிறது என்பதற்குத்தான் இருந்தது. கோபத்தில் எழுதிய சொல் அது.

அறிக்கையின் மிகக் கடினமான பகுதி சொற்களின் எடைதான். 'காட்டுகிறது', 'சுட்டுகிறது', 'ஒத்துப்போகிறது' என்ற மூன்றுக்கும் நடுவே நாங்கள் மணிக்கணக்கில் வாதிட்டோம். சாயச் சோதனை இணைப்பைக் காட்டுகிறது. இரவு அளவீடு ஆக்சிஜன் குறைவே காரணம் என்பதைச் சுட்டுகிறது, ஏனென்றால் மீன்கள் செத்த அந்த நாள்களில் நாங்கள் அங்கே இல்லை. வானிலைப் பதிவு அதோடு ஒத்துப்போகிறது. எண்ணெய் 'இல்லை' என்று எழுதவில்லை, 'கண்டறி எல்லைக்குக் கீழ்' என்றே எழுதினோம். நாங்கள் அளந்தது மழையில்லாத காலத்தை மட்டும், மழையில் வாய்க்காலின் சுமை வேறாக இருக்கும் என்பதையும் முதல் பக்கத்திலேயே போட்டோம். பின்னிணைப்பில் ஒளித்துவைத்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

பரிந்துரைகளை மூன்றாகக் குறைத்தோம். முதலில் இணைப்பைச் சரிசெய்வது. அடுத்து, கோடையில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஏழு வரை காற்றூட்டும் கருவி ஓட்டுவது. பகலில் அதற்கு வேலையில்லை. மூன்றாவது, கரையோரம் சில மீட்டர் அகலத்துக்கு உரம் போடாமல் உயரமான புல்லும் நாணலும் வளரவிடுவது. சேற்றை அள்ளுவதைப் பற்றிப் பொறியாளர் விரும்பிக் கேட்டார். வெளியிலிருந்து வரும் சுமை நிற்காமல் அள்ளினால் சேறு மறுபடி நிறையும் என்பதால் அதைத் தள்ளிவைக்கச் சொன்னோம். அதே சமயம், குழாயை அடைத்தாலும் அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்திருக்கும் பாஸ்பரஸ் ஆக்சிஜன் இல்லாத நேரங்களில் அதன் பிடியிலிருந்து கழன்று நீருக்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே முதல் கோடையிலேயே தெளிந்த நீரை எதிர்பார்க்க வேண்டாம் என்றும் எழுதினோம்.

மொத்தம் 463 மணி நேரம் ஆனது, 43 அதிகம். அதில் பெரும்பகுதி மறுபடி எடுத்த மாதிரிகளும் அறிக்கையின் நான்காவது வரைவும். இன்னொரு முறை செய்தால் முதல் வாரத்திலேயே ஒரு முழு இரவைக் குளக்கரையில் கழிப்பேன்.

கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் காவலாளி ஐயாவைப் பார்க்கப் போனேன். நிர்வாகத்தின் சம்மதத்தோடு ஒரு சிறிய ஆக்சிஜன் சோதனைப் பெட்டியை அவரிடம் விட்டுவந்தோம், சொட்டு எண்ணும் வகை. எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். இணைப்பைச் சரிசெய்த ஐந்தாம் வாரம் அவருடைய நோட்டுப்புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். தேதி, மணி, வானம் எப்படி, எண். கடைசி வரி: காலை 5.10, மேகம், 3.4. பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: "மேல வரல."